195 புள்ளி விலையுள்ள ஓர் எழுத்து

அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியின் 2005 இறுதிச்சுற்றில் முதலில் முடித்தவர் ஆல் சாண்டர்ஸ். முடித்துவிட்டதாக அறிவித்த பிறகுதான் இரண்டு கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்தார். பட்டம் 20 வயது டைலர் ஹின்மனுக்குப் போனது. அடுத்த நான்கு ஆண்டுகளும் அதை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை.

1978இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் வில் ஷார்ட்ஸ் தொடங்கிய போட்டி இது. ஏழு புதிர்களின் புள்ளிகளைக் கூட்டி, முன்னணியில் இருக்கும் மூன்று பேர் மேடையேறுவார்கள். வேகம் மட்டுமே இந்த ஆட்டம் என்று நினைப்பவர்கள் அந்தப் புள்ளிக் கணக்கைக் கவனிக்க வேண்டும். சரியான சொல்லுக்கு 10. மிச்சப்படுத்தும் ஒவ்வொரு முழு நிமிடத்துக்கும் 25. பிழையே இல்லாமல் முடித்தால் கூடுதலாக 150. ஓர் எழுத்து பிசகினால் இடமிருந்து வலம் ஒரு சொல், மேலிருந்து கீழ் ஒரு சொல் என இரண்டும் கெட்டு 20 போகும். நேரத்துக்கான புள்ளியில் 25 குறையும். அந்த 150ம் கிடைக்காது. மொத்தம் 195. கிட்டத்தட்ட எட்டு நிமிட வேகம் ஒரே எழுத்தில் கரைந்துவிடும்.

அந்த ஓர் எழுத்தைப் பறிப்பவை பெரும்பாலும் பெயர்கள். சாதாரணச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மொழியறிவே நிரப்பிக் கொடுக்கும். தொலைக்காட்சித் தொடரில் வரும் பாத்திரத்தின் பெயருக்கு அந்த உதவி கிடையாது. 1993இல் ஷார்ட்ஸ் நியூயார்க் டைம்ஸ் புதிர்களின் ஆசிரியரானதும் தொலைக்காட்சியும் திரைப்படமும் கட்டங்களுக்குள் தாராளமாக வந்தன. நான் அதை மனமார வரவேற்கிறேன். மக்கள் அன்றாடம் பேசும் பெயர்களுக்குக் கதவடைத்த புதிர் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

ஆனால் தொலைக்காட்சிக் குறிப்பில் வெல்பவர் நிறையத் தொடர் பார்த்தவர் என்பது தவறான கணிப்பு. ஆண்டி கிரிஃபித் ஷோவில் வரும் சிறுவன் ஓபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, அதில் மூன்று உயிரெழுத்து; புதிர் அமைப்பவருக்கு அல்வா. அந்தத் தொடர் 1968இல் முடிந்துவிட்டது. ஹின்மன் பிறந்தது 1984இல். அவர் தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு ஓபி அறிமுகமானது பெரும்பாலும் கட்டங்கள் வழியாகத்தான். பழைய புதிர்களை விடாமல் போட்டு ஏற்றிக்கொண்ட பெயர்ப் பட்டியல் அது. அதோடு குறிப்பின் நடையையும் படிக்கிறார்கள். ‘ஜெர்ரி, ஜார்ஜ் இருவரின் தோழி’ என்று முதற்பெயரால் கேட்டால் விடையும் முதற்பெயர்தான்: சைன்ஃபெல்ட் தொடரின் எலேன். சற்றே சந்தேகம் வந்தாலும் எழுதாமல் நகர்ந்து, குறுக்கே வரும் சொற்களிலிருந்து எழுத்துகளைச் சேர்ப்பதுதான் அவர்களுடைய பெரிய பலம்.

குறுக்கே வருவதும் பெயராக இருந்தால் அந்தப் பலம் செல்லாது. 2008இல் ஒரு டைம்ஸ் புதிரில் பாஸ்டன் மாரத்தான் எட்டாவது மைலில் கடக்கும் நேட்டிக் என்ற ஊரும், ஓவியர் என்.சி. வையத்தின் பெயரும் ஒரே எழுத்தில் முட்டிக்கொண்டன. விமர்சகர் ரெக்ஸ் பார்க்கர் அதைக் கண்டித்தார். இத்தகைய சந்திப்பை ஆட்டக்காரர்கள் இன்றும் ‘நேட்டிக்’ என்றே அழைக்கிறார்கள். நடிகர் பெயர் மேலிருந்து, பாத்திரத்தின் பெயர் பக்கத்திலிருந்து வந்து மோதும் இடமும் அதே ரகம். அங்கே திறமைக்கு வேலையில்லை. 195 புள்ளியைக் குருட்டாம்போக்கில் பணயம் வைக்கச் சொல்வது அநியாயம்.

தொலைக்காட்சியை நியாயமாகப் புதிருக்குள் கொண்டுவருவதற்கும் அதே ஆண்டில் முன்மாதிரி உண்டு. 2008 நவம்பர் 16 அன்று ஒளிபரப்பான சிம்ப்சன்ஸ் தொடரின் கதையில் லிசா குறுக்கெழுத்துப் போட்டியில் இறங்குகிறாள். தந்தை ஹோமர் அவளுக்கு எதிராகப் பந்தயம் கட்டுகிறார். ஷார்ட்ஸும் புதிர் அமைப்பாளர் மெர்ல் ரீகிளும் அதில் தாங்களாகவே குரல் கொடுத்தார்கள். அன்று காலை வெளியான டைம்ஸ் ஞாயிறு புதிரை அமைத்ததும் ரீகிள்தான். ஹோமர் மகளிடம் கேட்கும் மன்னிப்பைக் கட்டத்தின் மூலைவிட்டத்தில் எழுத்தெழுத்தாக ஒளித்து வைத்திருந்தார். தொடரின் ரசிகர்களுக்கு மாலையில் ஒரு பரிசு காத்திருந்தது. சிம்ப்சன்ஸைப் பார்த்தே இராதவரும் அந்த வாசகத்தைக் கவனிக்காமலேயே காலையில் புதிரை முழுதாக முடித்திருக்கலாம்.