துத்தநாக விரல்: மூணு எழுத்துக் கணக்கு

துத்தநாக விரல் புரதம் பற்றிய கட்டுரைகள் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன: ஒரு விரல் டிஎன்ஏவில் மூணு எழுத்தைப் படிக்கும், விரல்களைக் கோத்தால் எந்த வரிசையையும் பிடிக்கலாம். மென்பொருள்காரனுக்கு இனிக்கும் விளக்கம். பாதிதான் சரி.

சுமார் 30 அமினோ அமிலம் கொண்ட விரலை மடிப்புக் கலையாமல் நிறுத்துவதுதான் துத்தநாகத்தின் வேலை. அது டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை. படிப்பது ஆல்ஃபா சுருள். அதில் இரண்டாம் இடத்து அமினோ அமிலம் எதிர் இழையில், பக்கத்து விரலின் எல்லைக்குள் கை நீட்டும். ஸிஃப்268 புரதத்தின் 1996 படிக அமைப்பைப் பாருங்க, தெரியும். எங்க நாரணாபுரத்துச் சரவெடி மாதிரி: வெடி தனித்தனி, திரிப் பின்னல் ஒண்ணு.

அதே 1996-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சீனிவாசன் சந்திரசேகரன் குழு இவ்விரல்களை ஃபோக்-1 நொதியின் வெட்டும் பகுதியோடு இணைத்து மரபணுக் கத்தரி செய்தது. பக்கத்து விரலை மறந்து கோத்த வரிசைகளை 2008-ல் சோதித்தபோது பெரும்பாலானவை வேலையே செய்யவில்லை.