எந்த நிறுவனம், யாருடைய வன்முறை?: மேலவளவிலிருந்து சில குறிப்புகள்

மதுரையில் நண்பர்கள் கூடிப் பேசினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "பஞ்சாயத்து நாற்காலியில என்ன தோழர் இருக்கு? அதுவும் ஆளும்வர்க்க நிறுவனம்தானே." நானும் அப்படிப் பேசியவன்தான். மேலூர்ப் பக்கம் போய்வந்த பிறகு அதைச் சொல்ல நா கூசுகிறது.

1996 தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல், ஒத்திவைப்பு எல்லாம் தாண்டி, போலீஸ் காவலில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும் வழியில் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அவருடைய தலையைக் கிணற்றில் வீசினார்கள்.

வால்டர் பெஞ்சமின் 1921இல் சட்டத்தை உண்டாக்கும் வன்முறை, சட்டத்தைக் காக்கும் வன்முறை என்று பிரித்தார். காக்கும் வன்முறைக்கு அவர் காட்டும் உதாரணங்கள் அரசைச் சேர்ந்தவை. மேலவளவில் அரசின் சட்டம் புதுசாக வந்தது. ஊரின் எழுதப்படாத சட்டம் பழசு. அரிவாள் காத்தது இந்தப் பழைய சட்டத்தை. அரசுக்கு இது குற்றம், ஊருக்கோ சட்டம் ஒழுங்கு.

அதிகாரம் ஆபத்துக்குள்ளாகும்போதுதான் வன்முறை தலைகாட்டும் என்கிறார் ஹன்னா அரெண்ட். மேலவளவுக்கு இது பொருந்துகிறது. ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் என்ன செய்வது? அங்கே 1996லிருந்து 2006 வரை தனித்தொகுதித் தலைவர் பதவிக்கு மனுத்தாக்கல் இருக்காது. இருந்தால், ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். வெட்டு இல்லை, குத்து இல்லை. மக்கள் ஒன்றுகூடிச் செயல்படுவதே அதிகாரம் என்று அரெண்ட் சொல்கிறாரே, மந்தையில் கூடும் ஊரும் ஒன்றுகூடித்தானே முடிவெடுக்கிறது? அந்த ஒற்றுமை யாரை வெளியே நிறுத்திவிட்டுக் கூடியது என்ற கேள்வி அவரிடம் இல்லை. ராஜினாமாக் கடிதத்தில் விழுந்த கையெழுத்தை வன்முறை என்று சொல்ல அவருடைய அகராதி போதாது.

மேலவளவுக் கொலைக்கு 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2009இல் சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்தது. 2019 நவம்பரில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. எழுதிய சட்டம் எழுதாத சட்டத்தோடு எவ்வளவு சுலபமாக ராசியாகிவிடுகிறது!

நாற்காலி விடுதலை தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முருகேசன் அதில் உட்கார்ந்தபோதுதான் 'ஊர்' என்கிற இன்னொரு நிறுவனம் ஆயுதத்தோடு வெளியே வந்தது. நாம் இடிக்கப்போகும் நிறுவனங்களின் பட்டியலில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. மந்தை இருக்கிறதா? இல்லையென்றால், நம் புரட்சி முடிந்த மறுநாளும் சேரிக்காரர் அங்கே நின்றுகொண்டுதான் பேச வேண்டியிருக்கும்.