பழைய பெயர், புது வண்டி

என் அக்காள் மகன் தன் தகப்பனார் வைத்துவிட்டுப் போன புல்லட்டை விற்றுவிட்டு, 'காண்டினென்டல் ஜி.டி. 650' வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் அத்தான் அந்த வண்டியில்தான் அம்பாசமுத்திரத்துக்கும் வண்ணார்பேட்டைக்குமாகப் போய்வந்தார். "ஓட்டிப் பாத்துட்டு ஏசுங்க, மாமா" என்றான் பையன். நியாயம்தான். புஸ்தகத்தைப் படிக்காமல் மதிப்புரை எழுதுகிறவர்களை நானே எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன்.

முதலில் பெயர். இந்தப் பெயரில் முதல் வண்டி 1964ல் இங்கிலாந்தில், ஊசி செய்து பேர் பெற்ற ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. பழகுநர் லைசென்ஸ் வைத்திருக்கும் பையன்கள் 250 சி.சி.க்கு மேல் தொடக்கூடாது என்று அங்கே சட்டம் வந்திருந்த காலம். அந்தப் பையன்களுக்கென்றே செய்த 250 சி.சி. வண்டி அது. சிவப்பு டாங்க், தாழ்ந்த கைப்பிடி, காளைத் திமில் மாதிரி ஸீட்டு, ஐந்து கியர். காப்பிக் கடைக்குக் காப்பிக் கடை பந்தயம் விடுகிற வயசுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ஜப்பான் வண்டிகள் வந்தன. 1967ல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடினார்கள், 1970ல் இங்கிலாந்தில் கதை முடிந்தது. மிஞ்சியது நம் திருவொற்றியூர். 1955ல் பட்டாளத்துக்குப் புல்லட் கட்டிக் கொடுக்கப் புறப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, 1977ல் அதையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தது. பெண் எடுத்த வீட்டுக்கே சீர் திருப்பி அனுப்பின மாதிரி.

2013ல் வந்த 535 சி.சி. ஜி.டி.யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சேசிஸ் நல்லது, எஞ்சின் அதற்கு ஈடு கொடுக்கவில்லை.

2018ல் வந்த 650 வேறு ஜாதி. இரட்டைச் சிலிண்டர், 648 சி.சி., 47 குதிரைச் சக்தி. இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்து ஏறி இறங்காமல் கிராங்க்கில் 270 டிகிரி தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி சமமாக இல்லை. ஒருவர் நடந்துகொண்டே பேசுவது போல ஒரு தாளம். வெளிச்சம் வருமுன் ஆற்றுப் பாலம் தாண்டி, கல்லிடைக்குறிச்சி வழியாகச் சேரன்மகாதேவிப் பக்கம் விட்டேன். வயல் ஓரத்தில் அந்தத் தாளத்தைக் கேட்டபோது என் கோபத்தில் பாதி போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய புல்லட்டுக்கு வலது காலில் கியர். வீரவநல்லூரில் அந்த ஞாபகத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எஞ்சின் யோக்கியமானது. வேஷம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பையன்கள் வண்டியின் தோற்றத்தை, 2018லேயே இரண்டரை லட்சம் தாண்டிய வண்டிக்குப் போர்த்தியிருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு வேகத்தடை உள்ள ஜில்லாவில் குனிந்து உட்கார்ந்து யாரைத் துரத்துவது? அதே எஞ்சினை, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்படி, 'இன்டர்செப்டர்' என்று கூடவே விற்றார்களே! பையன் அதை வாங்கியிருக்கலாம். சொன்னேன். "அதுல இந்த அழகு வராது, மாமா" என்றான். அழகு என்று சொல்லிவிட்டால் விமர்சகன் என்ன செய்ய?

அக்காள் என் மணிக்கட்டுக்குத் தைலம் கொண்டுவந்தாள். அவளுக்கு ஒரே அபிப்பிராயம். அத்தான் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும், சோறு எடுத்து வைத்துவிடலாம். இது வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறதாம்.