எல்லை தாண்டிய அப்பா

சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருப்பதி போகிறவர்களுக்கு ஊத்துக்கோட்டை தெரிந்திருக்கும். இங்கே தமிழில் டீ கேட்டால் கடைக்காரர் உள்ளே திரும்பித் தெலுங்கில் குரல் கொடுத்துவிட்டு, தமிழில் சில்லறை தருவார். கொஞ்சம் தள்ளி சுருட்டப்பள்ளி, ஆந்திரா. கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஜீரோ பாயின்ட்டும் பக்கத்தில்தான். அந்தத் தண்ணீர் வந்தது 1996-ல். ஆனால் அன்றைய கிருஷ்ணா மாவட்டத்து நூஜிவீட்டில் 1918-ல் பிறந்த ஒருவர், அதற்கு நாற்பத்தைந்து வருஷம் முன்னாலேயே 'பாதாள பைரவி'யின் மந்திரவாதியாக இந்தப் பக்கம் வந்துவிட்டார். எஸ்.வி.ரங்காராவ்.

அந்தக் காலத்தில் விஜயா கம்பெனிக்காரர்கள் வடபழனியில் ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுப்பார்கள். 1955-ல் தெலுங்கு 'மிஸ்ஸம்மா'வில் ஹீரோ என்.டி.ஆர், தமிழ் 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசன். 1957-ல் 'மாயாபஜார்'. தெலுங்கு அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழ் அபிமன்யு மறுபடி ஜெமினி. (கிருஷ்ணர் மட்டும் இரண்டிலும் என்.டி.ஆர். கடவுளுக்கு மொழிப் பிரச்னை கிடையாது.) ஆனால் 'மிஸ்ஸியம்மா'வின் ஜமீன்தாரும் 'மாயாபஜா'ரின் கடோத்கஜனும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆள்தான். காதலிக்கத்தான் உள்ளூர்க்காரர் தேவைப்பட்டார். அதட்டவும் அழவும் ரங்காராவ் போதும் என்று முதலாளிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சரியான கணக்கு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 'மிஸ்ஸியம்மா'வில் வேலை கேட்டு வருகிற ஜெமினியைவிட, வேலை கொடுக்கிற பெரிய மனுஷரான ரங்காராவுக்கு இரண்டு வயசுதான் அதிகம். 'படிக்காத மேதை' (1960) எடுத்தபோது இவருக்கு 42-க்குள்தான். பிள்ளை மாதிரி வளர்கிற சிவாஜிக்குப் பத்து வயசுதான் குறைச்சல். யாராவது தியேட்டரில் சிரித்தார்களா? இல்லை. ஏனென்றால் மனிதர் முதுமையை விக்கில் மட்டும் தேடவில்லை. நாற்காலியில் உட்காரும் விதத்தில், பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் விடுகிற ஒரு மூச்சில் வைத்திருந்தார்.

அந்தப் பீம்சிங் படத்தை மறுபடி பார்த்தேன். குடும்பம் நொடித்துப்போகிறது. பெற்ற பிள்ளைகளின் அவமானத்திலிருந்து காப்பாற்றுவதற்காகவே, வளர்த்த ரங்கனை வீட்டை விட்டுப் போகச் சொல்ல வேண்டும். சிவாஜி எதிரே நிற்கிறார். எதிரே நின்ற எத்தனையோ பேர் அவரோடு போட்டி போட்டுக் கத்திக் காணாமல் போயிருக்கிறார்கள். ரங்காராவ் கத்தவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, அதை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நிற்கிறார். அப்புறம் ரங்கன் போனபிறகு, பாரதியின் கண்ணன் பாட்டை சீர்காழி பாட, இவர் முகம் மட்டும் வேலை செய்கிறது. எனக்குத் தெரிந்து தமிழ் சினிமாவில் ஒரு அப்பா இல்லாத பிள்ளையை நினைத்து ஏங்குவதை இதைவிட நன்றாக யாரும் காட்டவில்லை. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? மேடையிலிருந்து. பி.எஸ்ஸி. படித்து, தீயணைப்புத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். முதல் படம் 'வரூதினி' ஓடாமல், ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனி வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியவர்.

கடோத்கஜனுக்கு வருவோம். கல்யாணப் பந்தியை ஒற்றை ஆளாகக் காலி செய்கிற அந்தப் பாட்டு உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். மார்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரத்தில் பட்சணம் பறந்து வாய்க்குள் போகிறது. தந்திரத்தை விடுங்கள், அந்த முகத்தைப் பாருங்கள். அது ராட்சசன் முகம் இல்லை, சமையலறையில் அம்மா இல்லாத நேரம் லட்டு டப்பாவைக் கண்டுபிடித்த ஆறு வயசுப் பையனின் முகம். ராட்சசனுக்குள் ஒரு பையனை வைத்தார். அப்பாக்களுக்குள்ளோ, அடக்கி வைத்த ஒரு ராட்சசனை. அதனால்தான் அந்த அப்பா உடையும்போது நமக்குப் பயமாகவும் இருக்கிறது.

வருத்தம் ஒன்று உண்டு. தமிழில் நாம் இவரை அப்பாவாகவே ஆக்கித் தீர்த்துவிட்டோம். 'கற்பக'த்தில் அப்பா, 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அப்பா. சில படங்களில் மேல்கோட்டும் மாடிப்படியும் மட்டும்தான் மாறும். அதே 1963-ல் தெலுங்கில் 'நர்த்தனசாலா'வில் கீசகனாக வந்தார். காமத்தையும் கர்வத்தையும் ஒரே நடையில் கொண்டுவந்த அந்த வேஷத்துக்கு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கீசகனைத் தெரியும்? இரண்டு தெலுங்குப் படங்களை டைரக்ட்கூடச் செய்தார். அதில் 'பாந்தவ்யாலு' நம்ம கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'கண் கண்ட தெய்வம்' கதைதான். 1974-ல் சென்னையில் இறந்தபோது வயசு 56.

ரங்காராவின் நடிப்புக்கு நல்ல விமர்சனம் எழுதியவர் ஒரு நடிகை. 'மாயாபஜா'ரில் கடோத்கஜன் வத்ஸலாவின் உருவத்தை எடுத்துக்கொள்கிறான். அதாவது சாவித்திரி, சாவித்திரி உடம்பில் இருக்கிற ரங்காராவாக நடிக்க வேண்டும். பட்டுப்புடவையும் நகையுமாக இருக்கிற பெண் திடீரென்று தோளை விரித்து நடக்கிறாள். மணமேடையில் மாப்பிள்ளையின் காலை நசுக்கிவிட்டு அப்பாவியாகப் பார்க்கிறாள். 2010-ல் தெலுங்குப் படத்துக்குக் கலர் பூசி வெளியிட்டார்கள். வேண்டாம், கறுப்பு வெள்ளையே தேடிப் பாருங்கள். மொழி எதுவானாலும் சரி.