கெதேயின் எரிமலைக் காட்சியும் மருட்கையும்

எரிமலையை நேரிற் கண்டு எழுதுவோர் பெரும்பாலும் உயர்வு நவிற்சியையே துணைக்கொள்வர். பெருமைச் சொற்கள் அடுக்கி வரும். மலையோ கண்முன் தோன்றாது. செருமானியப் பெரும்புலவர் கெதேயின் 'இத்தாலியப் பயணம்' இவ்வழியினின்றும் விலகி நிற்கும் நூலாகும்.

1787 மார்ச்சுத் திங்களில் நேப்பிள்சு நகரில் தங்கிய கெதே, வெசூவியசு மலைமீது மும்முறை ஏறினார். அதற்கு முன்னரே பொசுவோலிப் பகுதியிற் கொதிநீரையும் கந்தக ஆவி கக்கும் நிலத்தையும் கண்டிருந்தார். தெளிந்த வானின்கீழ் நம்புதற்கரிய நிலம் என்னும் முரணை அவர் ஆண்டே உணர்ந்துகொண்டார்.

இரண்டாம் முறை உடன் சென்ற ஓவியர் திசுபைன் வடிவழகைப் போற்றுபவர். உருவற்ற அக்குவியல் அவர்க்கு வெறுப்பையே விளைத்தது. உருவற்றது கலைக்குப் பொருளாகுமோ என்னும் வினா ஈண்டு எழுகின்றது. கெதே வாதத்தால் இதற்கு விடை கூறினார் அல்லர். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட சிறுபொழுதைப் பயன்கொண்டு, வழிகாட்டியுடன் மலைவாயின் விளிம்பை அடைகின்றார். ஆவி மறைத்தமையால் அக்காட்சி அறிவும் தரவில்லை, இன்பமும் தரவில்லை என்றே எழுதுகின்றார். உயிர்க்கு அஞ்சாது சென்று கண்டதையும் மிகைப்படுத்தாத இந்நேர்மையே அவர்தம் பிற கூற்றுகளை நம்பச் செய்கின்றது.

மூன்றாம் முறை அவர் கண்டது ஓடும் தீக்குழம்பு. அதன் அகலம் ஏறத்தாழப் 10 அடியே. பக்கங்களும் மேற்பரப்பும் குளிர்ந்து இறுக, குழம்பு தனக்குத் தானே ஒரு கால்வாய் வகுத்துக்கொள்கின்றது. அடியிலும் இறுகுதலால் அக்கால்வாய் மேன்மேலும் உயர்கின்றது. மிதந்து வரும் கசடுகள் இருமருங்கும் சரிந்து கரையாகின்றன.

தொல்காப்பியர் மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்கள் கூறுவர். ஒன்று பிறிதொன்றாய்த் திரிதலே ஆக்கம் எனக் கொள்ளின், கெதேயின் சிறப்பு இனிது விளங்கும். பிறர் புதுமையிலும் பெருமையிலும் அமைந்துவிட, அவர் ஆக்கத்தைக் காண்கின்றார். உருவின்மையுள் உருவம் பிறக்கும் முறையைக் காட்டுதலே திசுபைனின் வெறுப்புக்கு நூல் தரும் விடை.

இந்நடை உணர்ச்சி குன்றியது எனச் சிலர் கருதலாம். பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் கொண்டு 1816-17இல் வெளியிட்ட நூலாதலின், அன்றைய படபடப்பு ஓரளவு அடங்கியிருத்தல் கூடும். ஆயினும், குழம்பு ஊறும் இடத்தைக் காண விழைந்து, நிலம் கொதித்தலாலும் புகை மூச்சை அடைத்தலாலும் அவர் திரும்ப நேர்ந்தது. அச்செய்தி ஒன்றே அச்சத்தை உணர்த்தப் போதும். அச்சம் என்னும் சொல்லும் ஆண்டு வேண்டப்படுவதில்லை.