போர்வையும் சட்டமும்

சட்டமும் ஒரு பிரதிதான். யார் எழுதினது, யாரை மனசில் வைத்து எழுதினது, எதைப் பேசாமல் மறைக்கிறது என்று கதையிடம் கேட்கிற கேள்விகளைச் சட்டத்திடமும் கேட்க வேண்டும். ஸ்பெயினின் குற்றவியல் சட்டத்தை அப்படி வாசிப்போம்.

பார்சிலோனா, மாட்ரிட் நடைபாதைகளில் போர்வை விரித்துப் பை, செருப்பு விற்கிறவர்களுக்கு அங்கே 'மந்தேரோ' என்று பேர். 'மந்தா' என்றால் போர்வை. அதன் நாலு மூலையிலும் கயிறு இருக்கும். போலீஸ் தலை தெரிந்ததும் ஒரே இழுப்பு. போர்வை மூட்டையாகிவிடும், தோளில் போட்டுக்கொண்டு ஓட்டம்தான். இவர்களில் பெரும்பாலோர் செனகல்காரர்கள். படகேறிக் கடல் தாண்டி வந்தவர்கள் பலர்.

விற்பது பெரிய கம்பெனிகளின் போலி முத்திரைச் சரக்கு. கம்பெனி புகார் தராமலேயே வழக்குப் போட 2003இல் வந்த திருத்தம் வழிவிட்டது. பலர் சிறைக்குப் போனார்கள். எதிர்ப்பு வலுத்தபின், 2010இல் சிறு வியாபாரிக்குச் சிறைக்குப் பதிலாக அபராதம் அல்லது சமூக வேலை என்று மாறியது. லாபம் 400 யூரோவுக்குக் கீழே என்றால் அது வெறும் சிறு பிழை. 2015இல் 'சிறு பிழை' என்கிற வகையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்பது திரும்ப வந்தது. லாபம் சொற்பம் என்றால் அபராதத்தோடு விடலாம். அது நீதிபதியின் மனசு. அப்படி விட்டாலும் குற்றப்பதிவு ஒட்டிக்கொள்ளும்.

பிரதியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. காகிதம் இல்லாதவர் குடியிருப்பு உரிமை பெற ஒரு வழி உண்டு. அதற்கு 'அர்ராய்கோ', அதாவது வேர்விடுதல், என்று பேர். மூன்று ஆண்டு அந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் (2025இல் இதை இரண்டாகக் குறைத்தார்கள்). குற்றப்பதிவு இருக்கக் கூடாது. ஆனால் அதுவரை வேலை செய்ய உரிமை கிடையாது. அப்ப, அத்தனை வருசம் சோத்துக்கு என்ன வழி? போர்வை விரித்தால் குற்றவாளி. குற்றவாளி ஆனால் காகிதம் இல்லை. காகிதம் இல்லாவிட்டால் மறுபடியும் போர்வை. வேர்விடு என்று சொல்லிவிட்டுக் காலடி மண்ணைப் பறிக்கிற சட்டம் இது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டத்தை அறிந்த நமக்கு இது புரியாததல்ல. ஆளை முதலில் முடிவுசெய், குற்றம் தானாக வரும்.

2015இல் சலோவ் ஊரில் போலீஸ் சோதனையின்போது செனகல் வியாபாரி ஒருவர் மாடியிலிருந்து விழுந்து செத்தார். அதே ஆண்டு பார்சிலோனா மந்தேரோக்கள் சங்கம் வைத்தார்கள். தொழிலாளி என்றே சட்டம் ஒப்புக்கொள்ளாதவர்கள் தங்களைத் தொழிற்சங்கம் என்று அழைத்துக்கொண்டார்கள். 'பிழைப்பது குற்றமல்ல' என்பது அவர்கள் முழக்கம். 2017இல் அவர்கள் சொந்தமாக ஒரு துணி முத்திரையைத் தொடங்கினார்கள். நடைபாதை விற்பனையை இளக்காரமாகச் சொல்கிற 'டாப் மந்தா'வையே அதற்குப் பெயராக வைத்தார்கள். முத்திரைத் திருடன் என்றவனுக்கு முத்திரையாலேயே பதில்! இழிவென்று ஒதுக்கின பறையை நாம் கையிலெடுத்ததும் இப்படித்தான்.

பார்சிலோனாவில் இவர்களுக்குத் துணை நிற்கும் ஆதரவாளர்கள் தங்கள் வலையமைப்புக்கு வைத்த பெயர் 'திராஸ் லா மந்தா': போர்வைக்குப் பின்னால். பின்னால் நிற்பது என்கிற அந்த இடம் முக்கியம். 'பாவம், வேற வழியில்லாதவங்க' என்கிற வாதம் நீதிமன்றத்தில் ஒருத்தரைக் காப்பாற்றலாம். ஒரு குற்றப்பதிவே வாழ்க்கையை முடக்கும் இடத்தில் அதுவும் வேண்டியதுதான். ஆனால் இரக்கம் சட்டத்தின் மேல் கை வைக்காது. அடுத்த நாள் அதே கயிறு, அதே ஓட்டம்.

2018 மார்ச்சில் மாட்ரிட்டின் லவாபியேஸில் இன்னொரு செனகல் வியாபாரி மாரடைப்பில் இறந்தார். போலீஸ் துரத்தியதால்தான் என்றார்கள் தோழர்கள், போலீஸ் மறுத்தது. அன்று தெருவுக்கு வந்தவர்கள் கேட்டது கருணை அல்ல, நீதி. வழக்கிலிருந்து ஆளை விடுவிப்பது பாதி வேலை. குற்றத்தை உற்பத்தி செய்கிற அந்த வரியைச் சட்டத்திலிருந்து அடிப்பதுதான் மீதி. துணைநிற்கிற யாரையும் அந்த மீதியை வைத்துத்தான் அளக்க வேண்டும்.