மீ சோன்: பல்லவர் கட்டியதா?

வியட்நாம் கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை வந்தது. மலைகள் சூழ்ந்த மீ சோன் கோயில் தொகுதி பல்லவர் கட்டியது என்றது. படிக்கப் பெருமையாத்தான் இருந்தது. நேரில் பார்த்துவிட்டு வந்தபின் அந்த வரி உறுத்துகிறது.

கட்டுரை காட்டும் ஆதாரம் 'வர்மன்' என்ற பெயர். 4ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இங்கே பத்ரேஸ்வரர் என்ற சிவனுக்குக் கோயில் எடுத்தவன் சம்பா நாட்டு அரசன் பத்ரவர்மன். சரி, காமரூபத்தில் பாஸ்கரவர்மன் இருந்தான், அங்கோரில் சூரியவர்மன் இருந்தான். இவர்களும் பல்லவர்களா? இரண்டு புரோகிராமில் ஒரே வேரியபிள் பெயர் இருந்தால் எழுதியவர் ஒருவர்தான் என்று யாராவது சொல்வோமா?

அடுத்து, கட்டுமானம். இன்று நிற்கும் கோபுரங்கள் செங்கல்லால் ஆனவை. இணைப்பில் சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. எதை வைத்து ஒட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சுவரை எழுப்பிய பிறகு செங்கல்லிலேயே சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். நம்ம மகேந்திரவர்மனோ, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அவர் கைவரிசை பாறையில், இவர்கள் கைவரிசை செங்கல்லில்.

தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. சைவமும் சமஸ்கிருதமும் இந்தியாவிலிருந்து போனவை. எழுத்து தென்னிந்திய பிராமி மரபிலிருந்து கிளைத்தது. தஞ்சை ராஜராஜேஸ்வரம் போல, பத்ரவர்மன் பெயரும் இறைவன் பெயரில் கலந்திருக்கிறது. ஆனால் கடன் வாங்கியது வேறு, கட்டிக் கொடுத்தது வேறு. இங்குள்ள கல்வெட்டுகளில் சமஸ்கிருதத்தோடு பழைய சாம் மொழியும் இருக்கிறது.

இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை என்கிறீர்களா? கட்டியவர்களின் சந்ததி இன்றும் இருக்கிறது. சாம் மக்களின் அரசு என்றோ போய்விட்டது. மீ சோனின் தலைசிறந்த கோபுரமான ஏ1, 1969இல் அமெரிக்க குண்டுவீச்சில் செங்கல் குவியலானது. ஆனாலும் தெற்கே போ கிளோங் கராய் கோயிலில் அவர்கள் இன்றும் கேட் திருவிழா எடுக்கிறார்கள். நாடும் கோபுரமும் போனவர்களிடம் மிச்சமிருப்பது 'நாங்கள் கட்டினோம்' என்ற பெயர் ஒன்றுதான். அதையும் ஒரு ஃபார்வர்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமா?